சுமையோடு அளப்பது

கித்தேரியானின் வண்டி
இரண்டாம் தடவையாக வந்து நிற்கிறது.
குறும்பனையிலிருந்து கருங்கல் வரை
பின்சக்கரங்கள் மட்டும் உழைத்து மேடேறியிருக்கின்றன.
முன்சக்கரங்கள் கூடவே உருண்டிருக்கின்றன,
கல்யாண வீட்டில் கைகட்டி நிற்கும் மச்சான்மார் போல.

டாஷ்போர்டில் பச்சை விளக்கு
மினுங்குகிறது. மினுங்குகிறது. நிலைக்கவில்லை.

"மணலில வள்ளத்த இழுக்கணும் பிள்ளே,
நாலு வீலும் பிடிச்சாத்தான் கரையேறும்.
நேத்து அலை வாயில நின்னு போச்சு.
இருபது பேரு கயிறு கெட்டி இழுத்தானுவ,
வள்ளத்த இல்ல, வண்டிய."
சிரிக்க வேண்டிய இடம். அவர் சிரிக்கவில்லை.

ஸ்கேனரைச் சொருகுகிறேன்.
விரிசல் விட்ட திரையில்
போன மாதம் சொன்ன அதே சொல்:
டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டார், பழுது.

போன மாதம் வேத வசனம் போல அதை நம்பினேன்.
முப்பத்தெட்டாயிரம் ரூபாய் மோட்டாரை
திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்து
என் கையால்தான் பூட்டினேன்.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை.
போகச் சொன்ன இடத்துக்கு மோட்டார் போய்ச் சேரவில்லை,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
ஏன் என்பது அதன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில்,
கிரீசும் மணலும் அப்பிய வண்டியின் வயிற்றில்,
முதுகு நனையப் படுத்துத் தேட வேண்டியது.

படுத்தேன்.
தகரக் கூரையில் மழை.
மல்டிமீட்டரின் சிவப்பு முனை, கறுப்பு முனை.
பிளக்கைக் கழற்றி அளந்தால்
பன்னிரண்டு புள்ளி மூன்று. குறையில்லை.
எர்த் கம்பியின் தடை, இல்லை என்றே சொல்லலாம்.
போன மாதமும் இப்படித்தான் காட்டியது.
சும்மா இருக்கும்போது
எந்தக் கம்பியும் யோக்கியந்தான்.

பிளக்கைத் திரும்ப மாட்டினேன்.
அதன் பின்முதுகில் மெல்லிய ஊசிகளைச் செருகி
"இப்ப திருப்புங்க" என்றேன்.
மேலே கித்தேரியான் திருகினார்.
மோட்டார் முனகுகிற ஒன்றரை வினாடி,
அதற்குள் எண்ணைப் பிடித்துவிட வேண்டும்.

எட்டு.

இன்னொரு தடவை.
எட்டேதான்.
பாட்டரியில் பன்னிரண்டு புள்ளி ஒன்று இருக்கிறது,
இங்கே எட்டு.
வருகிற வழியில் தொலைந்தது புள்ளி இரண்டு. போகட்டும்.
திரும்புகிற வழியில்
மூன்று புள்ளி ஒன்பது.

கம்பியைத் தடவிக்கொண்டே போனேன்,
கியர்பாக்ஸைச் சுற்றி, குறுக்குச் சட்டத்தின் மேலாக.
கடைசியில் ஒரு போல்ட்.
வெளியே கறுப்புப் பூச்சு மினுங்க, புத்தம் புதிது மாதிரி.
கழற்றினால்
உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்கிறது
என் கண்ணிலும் வாயிலும்.
வேறு சோதனை வேண்டியதில்லை.
குறும்பனைதான் அது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து,
புது லக் வைத்து, முறுக்கி, கிரீஸ் பூசி
பத்து நிமிட வேலை.
பச்சை விளக்கு நிலைத்து நின்றது.
முன் அச்சு சத்தமாக ஒரு தடவை கோர்த்துக்கொண்டது.

"எவ்வளவு?"
"நானூத்தம்பது."
பணத்தை எண்ணியவர் பாதியில் நிறுத்தினார்.
"அப்ப அந்தப் பழைய மோட்டாரு?"

ஒரு வாக்கியம் நாக்கில் தயாராகத்தான் இருந்தது:
அதுவும் கெட்டுத்தான் இருந்தது, அண்ணே.
பன்னிரண்டு வருடத் தொழிலில்
இதைப் போல நாலைந்து வாக்கியங்கள்
ஸ்பேனர்களோடு சேர்ந்து கிடக்கின்றன,
வேண்டிய அளவில்.

அலமாரியிலிருந்து அதை எடுத்தேன்.
செய்தித்தாள் சுற்றைப் பிரித்து
பெஞ்சு மேல் வைத்து
இரண்டு கிளிப் மாட்டினேன்.
சுற்றியது.
சும்மா சுற்றுவது எதற்கும் சாட்சியல்ல என்று
அவரிடம் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட.
குறடால் அச்சைக் கவ்விப் பிடித்தேன்,
பலம் முழுக்க.
குறடையும் என் கையையும் சேர்த்துத்
திருப்பிக்கொண்டு போனது.

கித்தேரியான் குனிந்து பார்த்தார்.
மழை விட்டிருந்தது.

"நல்ல மோட்டாராக்கும்," என்றார்,
"இல்லியா பிள்ளே?"